அடிவரை தெரியும் கணினி

1001 1010 0010 0101

இந்தப் பதினாறு இலக்கங்களும் சேர்ந்து ஒரே ஒரு கட்டளை. முதல் எட்டு இலக்கம் செய்யவேண்டிய வேலையைச் சொல்கிறது: ஒரு பிட்டை ஒன்றாக்கு. அடுத்த ஐந்து, 00100, எந்த இடத்தில் என்று சொல்கிறது. இரும எண்ணில் எழுதப்பட்ட 4 அது. கடைசி மூன்று, 101, அந்த இடத்தில் எந்தப் பிட் என்று சொல்கிறது, அது 5. ஆக, நான்காம் இடத்தில் ஐந்தாம் பிட்டை ஒன்றாக்கு. நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கும் கடிகாரத்தோடு ஓடுகிற அட்மெகா328பி என்ற சிப்புக்கு, இதைச் செய்து முடிக்க இரண்டு துடிப்பு போதும். ஒரு நொடியின் எண்பது லட்சத்தில் ஒரு பங்கு. அதுவரை வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அந்தச் சிப்பின் 19ஆம் கால், அடுத்த கணம் மின்சாரத்தை வெளியே அனுப்பத் தயாராகிவிடும்.

சி மொழியில் எழுதிய ஒரு வரிதான் கம்பைலர் என்ற மொழிமாற்றும் நிரல் வழியாகச் சென்று இந்தப் பதினாறு இலக்கங்களாக மாறியது. அந்த வரியிலிருந்து இந்த இலக்கங்கள் வரை, இலக்கங்களிலிருந்து சிப்பின் கால் வரை, நடுவில் நடப்பது அனைத்தையும் ஒரு பள்ளி மாணவர் பின்தொடர்ந்து பார்த்துவிட முடியும். நாம் பையில் வைத்திருக்கும் கைபேசியில் இது நடக்காது. அதன் சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேலான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன; அதில் ஓடும் மென்பொருளை முழுதாகப் படித்த மனிதர் என்று உலகில் ஒருவரையும் காட்ட முடியாது. மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறிய கணினியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. இது அடிவரை தெரியும் கணினி. பொழுதுபோக்காக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான்: விளக்கை எரிய வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், அது எப்படி எரிந்தது என்பதைக் கடைசிவரை பின்தொடருங்கள்.

சிப்புக்குள் என்ன இருக்கிறது

மைக்ரோகன்ட்ரோலர் என்பது கணக்குப் போடும் பகுதி, நிரலை வைத்திருக்கும் நினைவகம், தற்காலிக எண்களை வைத்திருக்கும் நினைவகம், நேரம் அளக்கும் டைமர்கள், வெளியுலகத்தோடு பேசும் கால்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே சிப்புக்குள் அடக்கிய கணினி. துணி துவைக்கும் இயந்திரம், டிவி ரிமோட், மின் மீட்டர், பைக்கின் எஞ்சின் என நம்மைச் சுற்றித் திரையில்லாமல் இயங்கும் கணினிகள் பெரும்பாலும் இவைதான்.

நாம் எடுத்துக்கொண்ட அட்மெகா328பி, 28 கால்களோடு பிரெட்போர்டில் நேராகக் குத்தக்கூடிய வடிவிலும் கிடைக்கிறது. நிரலுக்காக 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் ராம், மின்சாரம் போனாலும் அழியாத சிறு குறிப்புகளுக்கு 1 கிலோபைட் ஈபிராம். இந்த அளவுகள் எவ்வளவு சிறியவை என்பதை இந்தக் கட்டுரையை வைத்தே பார்க்கலாம். கணினியில் இதைச் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் பொதுவாக 3 பைட் செலவாகிறது. கட்டுரை முழுவதையும் அந்தச் சிப்பின் ஃபிளாஷில் வைக்க முயன்றால் இடம் போதாது. ராமிலோ ஒரு நீண்ட பத்தியை வைத்தாலே நிரம்பிவிடும்.

இந்த வகைச் சிப்புகளின் பூர்வீகம் நார்வே. ட்ரான்ட்ஹெய்ம் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களாக இருந்த ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்ற இருவர் ஏவிஆர் என்ற கட்டமைப்பை உருவாக்கினார்கள். அட்மெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2016இல் மைக்ரோசிப் நிறுவனம் அட்மெலை வாங்கிக்கொண்டது.

ஏவிஆர் பொழுதுபோக்காளர்களுக்குப் பிடித்துப்போக இரண்டு காரணங்கள். முதலாவது ஃபிளாஷ் நினைவகம். அதற்கு முன்பு பல சிப்புகளில் நிரலை அழிக்க வேண்டுமென்றால், மேலே கண்ணாடிச் சன்னல் வைத்த சிப்பைக் கழற்றிப் புற ஊதா விளக்கின் கீழ் பல நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிழைக்கும் அதே தண்டனைதான். ஃபிளாஷில் மின்சாரத்தாலேயே நிரலை அழித்து, சில நொடிகளில் மாற்றி எழுதலாம். அட்மெகா328பி இப்படிப் பத்தாயிரம் முறை எழுதுவதைத் தாங்கும் என்கிறது அதன் டேட்டாஷீட். தப்புச் செய்து கற்றுக்கொள்வது அங்கேதான் மலிவானது.

இரண்டாவது காரணம், இந்தச் சிப் சி மொழியை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. கட்டளைகளின் பட்டியலை முடிவுசெய்யும் முன்பே ஸ்வீடனின் ஐஏஆர் சிஸ்டம்ஸ் என்ற கம்பைலர் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து பேசி, கம்பைலருக்குத் தேவையானவற்றைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலைப் புரட்டினால் ஒரு விந்தை கண்ணில் படும். ஒரு பைட்டிலிருந்து நாம் எழுதிக்கொடுக்கும் எண்ணைக் கழிக்கக் கட்டளை இருக்கிறது. கூட்டக் கட்டளை இல்லை. ஐந்தைக் கூட்டச் சொன்னால் கம்பைலர் 251ஐக் கழிக்கும் கட்டளையை எழுதிவிடும். ஒரு பைட்டில் 255க்கு மேல் எண் கிடையாது; அதைத் தாண்டினால் மறுபடி 0. அந்த வட்டத்தில் 251 படி பின்னால் போவதும் 5 படி முன்னால் போவதும் ஒரே இடத்தில் கொண்டுவந்து விடும். ஒரு கட்டளையை மிச்சம் பிடித்துவிட்டார்கள், பயனருக்கு ஒரு குறையும் இல்லை.

ஏன் சி மொழி

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கியது 1970களின் தொடக்கத்தில். அங்கே யூனிக்ஸ் இயங்குதளம் ஓடிய முதல் பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைட்தான். இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போர்டில் உள்ள சிப்பின் ஃபிளாஷ் அதைவிடப் பெரியது. பல பேர் பகிர்ந்துகொண்ட அந்தப் பெரிய அலமாரிக் கணினியின் நெருக்கடியில் பிறந்ததால், சி மொழி எதையும் வீணாக்காது. நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட முகவரியை எடுத்து, அங்கே உள்ள பைட்டில் ஒரு குறிப்பிட்ட பிட்டை மாற்று என்று அதில் நேராகச் சொல்லலாம். மைக்ரோகன்ட்ரோலருக்கு இதுவே முக்கியம், ஏனென்றால் சிப்பின் கால்களும் டைமர்களும் சி மொழியின் பார்வையில் வெறும் முகவரிகள்தான்.

இந்தத் துறைக்குள் நுழைகிற பலருக்கு முதல் வாசல் அர்டுயினோ. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், கலையும் வடிவமைப்பும் படிக்கும் மாணவர்களுக்காக மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் தொடங்கியது. அதற்கு முன் அதே கல்விக்கூடத்தில் எர்னான்டோ பார்ராகான் உருவாக்கிய வயரிங் என்ற திட்டம் அதற்கு அடித்தளம். 2010இல் வந்த அர்டுயினோ யூனோ போர்டில் இருப்பது நம் அட்மெகா328பி. மின்னியல் படிக்காதவர்களையும் இந்த உலகத்துக்குள் அழைத்து வந்த போர்டு அது.

அர்டுயினோ மென்பொருளில் நிரலை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு மினுக்கும். அந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிப்புக்குள் எழுதும் கருவி என நாலைந்து நிரல்கள் வரிசையாக ஓடி முடிகின்றன. அதே போர்டை வைத்துக்கொண்டே அந்த வேலைகளை ஒவ்வொன்றாக நாமே கட்டளையிட்டுச் செய்து பார்க்கலாம். கருவிகள் எல்லாம் இலவசம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் முதலில் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரின் ஏவிஆர் வடிவம், அதோடு ஏவிஆர்-லிப்சி என்ற நூலகம், சிப்புக்குள் எழுதுவதற்கு ஏவிஆர்டியூட். லினக்ஸ் கணினியில் ஒரே கட்டளையில் இந்த மூன்றையும் நிறுவிவிடலாம். விண்டோஸில் அர்டுயினோ மென்பொருளை நிறுவினாலே இவையும் கூட வந்துவிடுகின்றன.

விளக்கு மினுக்கும் நிரல்

போர்டில் 13 என்று அச்சிட்டிருக்கும் துளைதான் சிப்பின் 19ஆம் கால். அதிலிருந்து ஒரு 330 ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் எல்இடியின் நீண்ட கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு. கால் தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் 9 மில்லிஆம்பியர். ஒரு கால் தாங்கும் உச்சவரம்பு 40 மில்லிஆம்பியர். இது அதற்கு வெகு கீழே, பத்திரமான அளவு. ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் அந்த வரம்பைக் காக்க ஆளில்லை.

நிரலின் உயிர் மூன்று வரிகளில் இருக்கிறது. கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்:

டிடிஆர்பி |= 1 << 5;

பின்பி |= 1 << 5;

_டிலே_எம்எஸ்(500);

முதல் வரி, காலை வெளியே மின்சாரம் அனுப்பும் காலாக மாற்றுகிறது. ஒரு முறை செய்தால் போதும். மற்ற இரண்டும் முடிவில்லாத சுழலுக்குள் இருக்கும். இரண்டாவது வரி, கால் அணைந்திருந்தால் எரியவைக்கும், எரிந்தால் அணைக்கும். அந்த இடத்தில் 1 எழுதினால் காலின் நிலை புரளும்படி சிப்பை வடிவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது வரி அரை நொடி காத்திருக்கிறது.

"முடிவில்லாத சுழல்" என்பது மேசைக் கணினியில் நிரல் எழுதியவர்களுக்குத் தவறாகத் தோன்றும். அங்கே நிரல் முடிந்தால் கட்டுப்பாடு இயங்குதளத்திடம் திரும்பும். இங்கே இயங்குதளமே கிடையாது. நம் நிரல் முடிந்தால் திரும்பிப்போக இடமில்லை. மின்சாரம் இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருப்பதுதான் இங்கே ஒழுங்கு.

நான்கு கட்டங்கள்

இனி கம்பைலரைக் கூப்பிடுகிறோம். கட்டளையில் மூன்று தகவல்களைக் கொடுக்கிறோம்: எந்தச் சிப், கடிகாரத்தின் வேகம், கிடைக்கும் நிரல் சிறியதாக இருக்கவேண்டும் என்ற விருப்பம். நம் மடிக்கணினியில் ஓடுகிற கம்பைலர், அந்த மடிக்கணினியில் ஓடவே ஓடாத ஒரு நிரலை வேறொரு இயந்திரத்துக்காகத் தயாரிக்கப்போகிறது.

முதல் கட்டத்தில் சுருக்கப் பெயர்கள் விரிக்கப்படும். 'டிடிஆர்பி' என்ற பெயரை எடுத்துவிட்டு, 'முகவரி 36இல் இருக்கும் பைட்' என்ற பொருளில் ஒரு கோவை அங்கே உட்கார்ந்துவிடும். அந்தப் பைட்டின் எட்டு பிட்டுகளும் எட்டு கால்களின் திசையை முடிவுசெய்கின்றன.

இரண்டாம் கட்டம்தான் உண்மையான கம்பைல். எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் இதுதான். '1 << 5' என்பதை கம்பைலர் இங்கேயே கணக்கிட்டு 32 ஆக்கிவிடும். சிப்புக்கு அந்த வேலை போகாது. பிறகு வரியின் பொருளைப் பார்க்கிறது. முகவரி 36இல் உள்ள பைட்டைப் படி, 32இன் பிட்டைச் சேர், மறுபடி அங்கேயே எழுது: மூன்று வேலை. ஆனால் மாறுவது ஒரே ஒரு பிட் என்றும், அந்த முகவரி கால்களுக்கான சிறப்புப் பகுதியில் இருக்கிறது என்றும் அது கண்டுகொள்கிறது. அந்தப் பகுதிக்கு, ஒரு பிட்டை மட்டும் ஒன்றாக்கும் தனிக் கட்டளை இருக்கிறது. மூன்று வேலையும் ஒன்றாகச் சுருங்கிவிடும். நிரலைச் சுருக்கச் சொல்லும் விருப்பத்தை எடுத்துவிட்டு அதே வரியைக் கம்பைல் செய்து பாருங்கள். வரி பல கட்டளைகளாக நீண்டு நிற்கும்.

மூன்றாம் கட்டத்தில் அசெம்பிளர் அந்தக் கட்டளையை இரும எண்ணாக எழுதுகிறது. முகவரி 36 இங்கே 4 ஆகிவிடும். ஏவிஆரில் முதல் 32 முகவரிகள் கணக்குப் போடும் ரெஜிஸ்டர்களுக்குச் சொந்தம். கால்களின் பகுதி அதற்குப் பிறகு தொடங்குகிறது. 36இலிருந்து 32ஐக் கழித்தால் 4. கட்டளைக்குள் முகவரிக்கு ஒதுக்கியது ஐந்தே பிட் என்பதால் இந்தச் சிக்கனம் அவசியம்.

நான்காம் கட்டம் லிங்கர். நாம் எழுதாத சில பகுதிகளை அதுதான் கொண்டுவந்து சேர்க்கிறது. சிப்பின் முதல் 104 பைட்டுகளில் 26 தாவல் கட்டளைகள் வரிசையாக இருக்கும். முதலாவது, மின்சாரம் வந்ததும் எங்கே தொடங்குவது என்பது. மற்றவை, டைமர் நிறைந்தால், காலில் மாற்றம் வந்தால், தகவல் வந்து சேர்ந்தால் எங்கே போவது என்பவை. அதன்பின் ராமை ஒழுங்குசெய்து, நம் நிரலின் முதல் வரிக்குக் கொண்டுபோய் விடும் சில கட்டளைகள்.

எல்லாம் சேர்ந்தும் இந்த நிரல் 200 பைட்டைத் தொடாது. அதில் நாம் எழுதிய பகுதி வெறும் 12 கட்டளைகள், 24 பைட். இதே வேலையை அர்டுயினோவின் வழக்கமான முறையில் எழுதினால் 900 பைட்டுக்கு மேல் போகும். அது வீண் அல்ல. நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு முதலான பல வசதிகளை அது கூடவே எடுத்து வருகிறது. ஆனால் எதற்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று அப்போதுதான் தெரிகிறது.

எண்பது லட்சம் துடிப்புகள்

அரை நொடி காத்திருப்பதற்குள் கடிகாரம் 80 லட்சம் முறை துடித்துவிடும். சிப் அந்த நேரத்தில் உறங்குவதில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறது. கம்பைலர் எழுதிய கட்டளைகளைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கணக்கைக் கையாலேயே சரிபார்க்கலாம்.

முதலில் மூன்று கட்டளைகள், மூன்று ரெஜிஸ்டர்களில் 15,99,999 என்ற எண்ணைப் பிரித்து வைக்கின்றன. ஒரு ரெஜிஸ்டரில் 255 வரைதான் அடங்கும் என்பதால் மூன்று தேவை. பிறகு ஒன்று கழிக்கும் சுழல். மூன்று ரெஜிஸ்டர்களிலும் கழிக்க மூன்று துடிப்பு, இன்னும் பூஜ்யம் ஆகவில்லை என்று தொடக்கத்துக்குத் தாவ இரண்டு துடிப்பு. ஒரு சுற்றுக்கு ஐந்து. 15,99,999 சுற்றுக்கு 79,99,995 துடிப்பு. கடைசிச் சுற்றில் தாவல் இல்லாததால் ஒரு துடிப்பு குறையும்: 79,99,994. தொடக்கத்தில் எண்ணை வைத்ததற்கு மூன்று: 79,99,997. இன்னும் மூன்று துடிப்பு பாக்கி. கம்பைலர் சுழலின் முடிவில் இரண்டு வெற்றுக் கட்டளைகளை வைத்திருக்கிறது. ஒன்று அடுத்த கட்டளைக்கே தாவுகிறது, அதற்கு இரண்டு துடிப்பு. இன்னொன்று சும்மா இருக்கிறது, அதற்கு ஒரு துடிப்பு. மொத்தம் 80,00,000. ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்தக் கணக்கைப் பேனாவால் போட்டுப் பார்க்கும்படி யாருக்கும் நான் பரிந்துரைப்பேன். ஒரு இயந்திரம் அடுத்த அரை நொடியில் செய்யப்போகும் எண்பது லட்சம் அசைவுகளையும் முன்கூட்டியே தாளில் சொல்லிவிட முடிகிறது. ஒரே நேரத்தில் நூறு வேலைகள் போட்டிபோடும் மேசைக் கணினியில் இந்த நிச்சயம் கிடைக்காது.

இதனால்தான் கடிகார வேகத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். கடையில் தனியாக வாங்கிய அட்மெகா328பி, உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி தொழிற்சாலையிலிருந்து வருகிறது. யூனோ போர்டுக்கான 16 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் கம்பைல் செய்த நிரலை அதில் ஏற்றினால், அரை நொடி எட்டு நொடியாகிவிடும். நிரலில் தவறு இருக்காது. சொன்ன எண்ணில்தான் இருக்கும்.

சிப்புக்குள் எழுதுவது

லிங்கர் தரும் கோப்பிலிருந்து ஹெக்ஸ் கோப்பு ஒன்றைத் தயாரிக்கிறோம். இது சாதாரண எழுத்துக்கோப்பு. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் எத்தனை பைட், எந்த முகவரி, என்ன வகை, பிறகு பைட்டுகள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். வரியில் உள்ள எல்லாப் பைட்டுகளையும் சரிபார்ப்பு எண்ணோடு கூட்டினால், கூட்டுத்தொகை 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கோப்பின் கடைசி வரியில் இருப்பவை 0, 0, 0, 1, 255. கூட்டிப் பாருங்கள், 256.

போர்டை யூஎஸ்பியில் செருகி ஏவிஆர்டியூடை ஓட்டினால், முதலில் அது போர்டில் உள்ள சிப்பை ரீசெட் செய்கிறது. ஃபிளாஷின் கடைசியில் பூட்லோடர் என்ற 512 பைட் நிரல் ஒன்று காத்திருக்கும். விழித்ததும் சிறிது நேரம் காது கொடுத்துப் பார்க்கும். புதிய நிரல் வந்தால் வாங்கி ஃபிளாஷில் எழுதும், வராவிட்டால் பழைய நிரலுக்கு வழிவிடும். எழுதத் தொடங்கும் முன் சிப்பின் அடையாள எண்ணையும் ஏவிஆர்டியூட் கேட்கிறது. 30, 149, 15 என்று பதில் வந்தால் அது அட்மெகா328பி. வேறு எண் வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஏவிஆர்டியூட் நன்றி சொல்லி விடைபெறும்.

ஃபிளாஷில் ஒரு பிட் என்பது, நாலாபுறமும் மின்கடத்தாப் படலம் சூழ்ந்த ஒரு துணுக்கில் எலக்ட்ரான்கள் அடைபட்டிருக்கின்றனவா இல்லையா என்பதுதான். அடைபட்டவை எளிதில் வெளியேற முடியாது. 25 டிகிரி வெப்பத்தில் நூறு ஆண்டு தாங்கும் என்று டேட்டாஷீட் கணக்குச் சொல்கிறது.

சிறிய இயந்திரத்தின் சட்டங்கள்

விளக்கு மினுக்கிய பிறகு தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றும் இயந்திரத்தின் இயல்பிலிருந்து வருவது.

ஒரு நிமிடத்தை மில்லிநொடியில் கணக்கிட 1000 * 60 என்று எழுதினால் 60,000 வரவேண்டும். இங்கே -5536 வரும். மேசைக் கணினியில் 'இன்ட்' வகை எண்ணுக்கு 32 பிட். ஏவிஆரில் 16 பிட்தான். 32,767க்கு மேல் அதில் இடமில்லை. எண்ணின் பின்னால் எல் என்ற எழுத்தைச் சேர்த்து, பெரிய எண் என்று கம்பைலருக்குச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

காத்திருப்பதற்காக நாமே ஒரு வெற்றுச் சுழல் எழுதினால், விளக்கு மினுக்காமல் மங்கலாக எரிந்துகொண்டே இருப்பதுபோல் தெரியும். ஒன்றும் செய்யாத சுழலை ஏன் ஓட்டவேண்டும் என்று கம்பைலர் அதை நீக்கிவிட்டது. விளக்கு நம் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் எரிந்து அணைகிறது. 'வாலடைல்' என்ற சொல்லைச் சேர்த்தால், அந்த எண்ணை நாங்கள் சொன்னபடியே ஒவ்வொரு முறையும் படி, எழுது என்று கம்பைலருக்குக் கட்டளையிட்டதாகும். கால்களின் முகவரிகளுக்கு நூலகம் இந்தச் சொல்லை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறது.

பொத்தான் ஒன்றை இணைத்து, எத்தனை முறை அழுத்தினோம் என்று எண்ணச் சொன்னால், ஒரு அழுத்தத்துக்கு நாலைந்து என்று காட்டும். பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள், தரையில் விழுந்த எவர்சில்வர் டம்ளர்போல, நிலைகொள்ளும் முன் சில மில்லிநொடி துள்ளுகின்றன. நமக்கு அது தெரியாது. ஒரு மில்லிநொடிக்குள் 16,000 துடிப்பு காணும் சிப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு தனி அழுத்தம். முதல் மாற்றத்தைக் கண்டதும் இருபது மில்லிநொடி பொறுத்து மறுபடி பார்த்தால் கணக்கு நேராகும்.

நினைவகத்திலும் கவனம் வேண்டும். 2 கிலோபைட் ராமில் நம் மாறிகள் கீழிருந்து மேலே இடம்பிடிக்கும். ஃபங்ஷன்களின் தற்காலிகக் குறிப்புகள் மேலிருந்து கீழே இறங்கிவரும். இரண்டும் மோதிக்கொண்டால் தடுக்கவோ எச்சரிக்கவோ அங்கே இயங்குதளம் இல்லை. நிரல் காரணம் தெரியாமல் திணறும். திரையில் காட்டுவதற்கான நீண்ட வாசகங்களும் சாதாரணமாக ராமிலேயே நகலெடுக்கப்படும் என்பதால், அவற்றை ஃபிளாஷிலேயே விட்டுவைக்கும் முறையைச் சீக்கிரம் கற்றுக்கொள்வது நல்லது.

எப்படித் தொடங்குவது

தேவையானவை மிகக் குறைவு. ஒரு யூனோ அல்லது அதற்கு இணையான போர்டு, பிரெட்போர்டு, சில எல்இடிகள், ரெசிஸ்டர்கள், இரண்டு பொத்தான்கள், இணைப்பு வயர்கள். யூஎஸ்பி கேபிள் தகவலையும் கடத்துவதா என்று பார்த்து வாங்குங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கேபிள் பலரது முதல் மாலைப்பொழுதை விழுங்கியிருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இவை எல்லாம் கிடைக்கும்.

முதலில் அர்டுயினோ மென்பொருளிலேயே விளக்கை மினுக்க வையுங்கள். போர்டும் கேபிளும் கணினியும் சரியாகப் பேசுகின்றன என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து அதே வேலையைத் தனி சி கோப்பாக எழுதி, கட்டளை வரியில் நீங்களே கம்பைல் செய்யுங்கள். பிறகு ஏவிஆர்-ஆப்ஜ்டம்ப் என்ற கருவியால் நிரலைப் பிரித்து, கட்டளைகளின் பட்டியலை அச்செடுங்கள். ஒன்றிரண்டு தாளில் முடிந்துவிடும். பக்கத்தில் ஏவிஆரின் கட்டளைக் கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ஐந்தாம் பிட்டுக்குப் பதில் நான்காம் பிட்டைப் பயன்படுத்தினால் எந்த இலக்கம் மாறும் என்று கம்பைல் செய்யும் முன்பே ஊகித்துப் பாருங்கள். சில நூறு பக்கங்கள் உள்ள டேட்டாஷீட்டை மொத்தமாகப் படிக்க முயல வேண்டாம். கால்களைப் பற்றிய அதிகாரத்தை மட்டும் முதலில் படியுங்கள். அடுத்து டைமர், அதற்குப் பிறகு, டைமர் நிறைந்தாலோ காலில் மாற்றம் வந்தாலோ நிரலைத் தாவவைக்கும் இன்டரப்ட். ஒரு அதிகாரத்துக்கு ஒரு சிறு நிரல் என்று போனால் சில மாதங்களில் சிப்பின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

எட்டு பிட் சிப்பெல்லாம் பழசு, நேராகப் பெரியதில் தொடங்கக்கூடாதா என்ற கேள்வி நியாயமானது. 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவில் 264 கிலோபைட் ராம் இருக்கிறது, விலையும் குறைவு. வைஃபை வேண்டும் என்றால் ஈஎஸ்பி32 இருக்கிறது. செய்ய நினைக்கும் திட்டத்துக்கு அவை தேவைப்பட்டால் தயங்காமல் அவற்றுக்குப் போங்கள். அங்கேயும் கம்பைலர் இதே நான்கு கட்டங்களில்தான் வேலை செய்யும். கால்கள் அங்கேயும் முகவரிகள்தான். லிங்கர் அங்கேயும் தொடக்கப் பகுதியைக் கொண்டுவந்து ஒட்டும். ஆனால் அங்கே நம் வரிக்கும் சிப்பின் காலுக்கும் நடுவே நூலகங்களின் பல அடுக்குகள் வந்து நிற்கின்றன. அந்த அடுக்குகள் எதற்காக இருக்கின்றன என்பதை, அவை இல்லாத ஒரு சிப்பில் ஒரு முறை வேலை செய்தவர் சொல்லாமலே புரிந்துகொள்வார். அவற்றில் ஒன்று பழுதானால் எங்கே தேடுவது என்றும் அவருக்குத் தெரியும். அதனால் முதல் சிப்பைச் சிறியதாகவே தேர்ந்தெடுங்கள். அதை முழுசாகத் தெரிந்துகொள்ளும்வரை அடுத்ததை வாங்காதீர்கள்.